மொட்டை மாடி மேஜை

திருச்சிராப்பள்ளியில் அக்கினி நட்சத்திரம் வந்துவிட்டால் மனிதன் சும்மா இருக்க முடியாது. ஒன்று விசிறிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது யோசனை பண்ண வேண்டும். போன கோடையில், மின்சாரம் நின்றுபோன ஒரு மாலையில் எனக்கு உதித்த யோசனை மொட்டை மாடிக்கு ஒரு மேஜை. வெறும் மேஜை அல்ல. பானங்களைக் குளிர வைக்கும் தொட்டியை நடுவிலே பதித்த மேஜை. அமெரிக்காவில் வீட்டுப் பின்புறத்தில் இப்படிப் போட்டுக்கொள்கிறார்களாம்.

மரத்துக்குக் கவலையில்லை. கிராமத்து வீட்டை விற்றபோது வாசல் கதவை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அசல் தேக்கு. மூன்று வருஷமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. வீட்டை விற்றதை அப்பா ஆட்சேபிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஆசாரி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை அறுக்கச் சொல்றீங்களே சார், மனசு வருதா?" என்றார். எனக்கு வந்தது; அவருக்குத்தான் வரவில்லை. இழைத்து முடித்தபோது புது மரம் போலப் பளபளத்தது. தாழ்ப்பாள் இருந்த துவாரத்தை மட்டும் அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நடுவே இரண்டு பள்ளங்கள். ஒன்றில் எவர்சில்வர் தொட்டி; சுற்றிலும் தெர்மாகோல்; அடியில் ஒரு வடிகுழாய். குழாய் முதலில் இல்லை. பனிக்கட்டி உருகிய தண்ணீரை முதல் நாள் ராத்திரி டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றிய பிறகு பிறந்த ஞானம் அது. பனிக்கட்டி லேசுப்பட்டதல்ல. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பத்தில் ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சுட வைத்துவிடலாம். 1833-ல் பாஸ்டனிலிருந்து பிரெடரிக் டூடர் கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பியதும், பின்னர் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழும்பியதும் இந்தப் பலத்தை நம்பித்தான்.

இரண்டாவது பள்ளம் அப்பாவுக்கு. அவர் பிரிஜ் தண்ணீரைத் தொடமாட்டார். மண்பானையை இறக்கி, சுற்றிலும் பலகை அடித்து, வெளியே தெரியாமல் அழகாக மறைத்தேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. மறுநாளும் அப்படியே. நான் பானை விற்றவனைத் திட்டினேன். எழுத்தாளனுக்கு வேறென்ன தெரியும்?

நாலாம் நாள் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"பானையைப் பொட்டியில போட்டு அடைச்சு வச்சிருக்கியேடா! அதுக்குக் காத்து வேண்டாமா?"

மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகப் போகும்போதுதான் உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நான் அது போகிற வழியை அடைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம், பரீட்சையோடு போய்விட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பலகைகளைக் கழற்றிவிட்டு, விரற்கடை இடைவெளி விட்டுச் சட்டங்களாக அடித்தேன். இரண்டு ஆணி கோணிற்று. "தள்ளு" என்று சுத்தியலை வாங்கி அவரே அடித்தார்.

மறுநாள் அந்தியில் தண்ணீர் சில்லென்று இருந்தது. அப்பா குடித்தார். இன்னொரு கை மேஜையைத் தடவிக்கொண்டே போய்த் தாழ்ப்பாள் துவாரத்தில் நின்றது. சுண்டு விரலை அதற்குள் விட்டுப் பார்த்தார்.

"வாசக் கதவு" என்றார்.

"ஆமாம்ப்பா."

டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். மறுபடி நிரப்பிக் கொடுத்தேன்.