பாட்டியும் சாப்பிட வேண்டும்: டோக்கியோவில் ஆறு பேர், ஒரே மேசை

டோக்கியோவுக்குக் குடும்பத்தோடு போகிறோம் என்று சொன்னால் போதும், நண்பர்கள் உடனே சாப்பாட்டுக் கடைப் பட்டியலை அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் அது இருவராகப் போய்வந்தவர்கள் போட்ட பட்டியலாக இருக்கும். சென்ற ஜூன் பள்ளி விடுமுறையில் நாங்கள் போனது ஆறு பேர். நான், கணவர், 9 வயது மகன், 5 வயது மகள், தம்பி, அம்மா. தம்பிக்கு ராமென் வேண்டும். மகளுக்குக் காரம் ஆகாது. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார்.

திரும்பி வந்ததும் வானொலியில் இதைப் பற்றி இரண்டு நிமிடம்தான் பேசினேன். அதன்பிறகு வந்த குறுஞ்செய்திகளில் பாதி ஒரே கேள்வி: “அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?” அதற்கான பதில்தான் இது.

எங்கே சிக்கல்?

டோக்கியோவின் நல்ல சிறிய கடைகளில் சமையல்காரருக்கு எதிரே ஒரு நீண்ட பலகை, அதையொட்டி எட்டோ பத்தோ இருக்கைகள், அவ்வளவுதான். வாசலில் உள்ள இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுத்து, வரிசையில் நின்று, இடம் கிடைத்ததும் உட்கார்ந்து, சாப்பிட்டவுடன் எழுந்துவிட வேண்டும். ஆறு பேர் சேர்ந்து உட்கார முடியாது.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் ‘தஷி’ என்னும் சாறு. கடற்பாசியையும், புகையிட்டு உலர்த்திய சூரை மீனின் சீவல்களையும் கொதிக்கவைத்து எடுப்பது. நம் மாசிக் கருவாட்டின் உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிசோ சூப்பு, நூடல்ஸ் குழம்பு, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு என எல்லாவற்றிலும் அது இருக்கும். “சைவம்” என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வாமைக் குறிப்பைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. கட்டாயம் குறிப்பிட வேண்டிய பட்டியலில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு எல்லாம் உண்டு, மீன் இல்லை.

இரண்டாம் நாள் நண்பகல், ஒரு ராமென் கடை வரிசையில் நின்றோம். அம்மா மெல்லச் சொன்னார்: “நீங்க எல்லாரும் சாப்பிட்டு வாங்க. எனக்குப் பசிக்கல. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன்.”

இந்த வாக்கியம் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். மீன் குழம்பில் கடைசித் துண்டு யாருக்கு என்று வரும்போதும் இதுதான், தீபாவளிப் பலகாரம் குறைந்தாலும் இதுதான். அம்மா சைவமாவதற்கு முன்பிருந்தே நான் கேட்டு வளர்ந்தது. ஆனால் வீட்டில் என்றால் பிறகு அடுப்படியில் ஏதாவது சாப்பிட்டுக்கொள்வார். வெளியூரில் ஒரு வாழைப்பழத்தோடு நாள் போய்விடும். அன்றிரவு விடுதியில் கூடிப் பேசி ஒரு விதி வைத்தோம். ஆறு பேரும் உட்காரவும், ஆறு பேரும் சாப்பிடவும் முடிகிற இடத்திற்கு மட்டும் போவது. தம்பியின் ராமென் இரவு பத்து மணிக்குமேல், அவனே தனியாக.

குடும்ப உணவகம்

ஜப்பானில் ‘ஃபாமிரெசு’ என்று ஒரு வகை உண்டு. ‘ஃபேமிலி ரெஸ்டாரண்ட்’ என்பதன் சுருக்கம். 1970ல் டோக்கியோவின் மேற்குப் புறநகரில் ஸ்கைலார்க் திறந்த கடையிலிருந்து பரவியது. அகலமான சோபா, குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல், படம் போட்ட தட்டுக்கணினியில் ஆர்டர். ஒரு கட்டணம் செலுத்தினால் காப்பி, தேநீர், பழச்சாறு எல்லாம் வேண்டிய அளவு. அதே குழுமத்தின் கஸ்தோ கடைகளில் பூனை முகம் கொண்ட இயந்திரம் தட்டுகளை ஏந்தி வரும். என் மகள் அதற்காகவே மறுநாளும் போக வேண்டும் என்றாள்.

நமக்குச் சிங்கப்பூரிலேயே பழக்கமான சைசெரியாவும் அங்கே பிறந்ததுதான். தக்காளி, பாலாடைக்கட்டி பீட்சா 400 யென் அளவில், பூண்டும் எண்ணெயும் போட்ட ஸ்பகெட்டி 300 யென் அளவில் கிடைத்தன. இத்தாலியச் சமையல் என்பதால் தஷி பயம் குறைவு. சிங்கப்பூரில் கிடைப்பதைச் சாப்பிடவா டோக்கியோ போனீர்கள் என்று கேட்கலாம். நாள் முழுவதும் நடந்த கால்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆறு பேரும் பேசிச் சிரித்த இடம் அது.

நிலவறையில் ஒரு சந்தை

பெரிய பல்பொருள் அங்காடிகளின் நிலவறைத் தளம் முழுக்க உணவுதான். ஷிஞ்சுகுவில் உள்ள இசெத்தானில் ஒரு மணி நேரம் சுற்றினோம். காய்கறிக் கலவை, ரொட்டி, பொரித்த மீன், பழங்கள், இனிப்புகள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் நகைக்கடைபோல் அடுக்கியிருக்கும். சிவப்புப் பயற்றங்காய் விழுதை உள்ளே வைத்த ‘தைஃபுகு’வை அம்மா ஒரு கடி கடித்துவிட்டு, “சுழியம் பூரணம்” என்றார். அதன்பின் அது எங்கள் வீட்டில் சுழியம்தான்.

அவரவர் விரும்பியதை வாங்கிக்கொண்டு, பத்து நிமிட நடையில் உள்ள ஷிஞ்சுகு கியோயென் பூங்காவில் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியவர்களுக்கு நுழைவுக்கட்டணம் 500 யென், 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசம். நடந்துகொண்டே சாப்பிடுவதை அங்கே நல்ல பழக்கமாகக் கருதுவதில்லை. குப்பைத்தொட்டியும் எளிதில் கண்ணில் படாது. பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். மாலையில் கடை மூடும் நேரம் நெருங்கினால் பல உணவுகளுக்கு விலை குறைத்து ஒட்டுச்சீட்டு ஒட்டுவார்கள்.

அம்மா சாப்பிட்ட ராமென்

டோக்கியோ ரயில் நிலையத்திற்குள், கெய்யோ வழித்தடத்திற்குப் போகும் பாதையில், ‘டீஸ் தன்தன்’ என்ற கடை இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத ராமென். ஜேஆர் நுழைவாயிலுக்கு உள்ளே இருப்பதால், ரயில் ஏறும் நாளிலோ இறங்கும் நாளிலோ போவது வசதி. நான்காம் நாள் பதினொன்றரை மணிக்கே போய்விட்டோம்.

அம்மாவுக்கு முன்னால் ஒரு கிண்ணம், தம்பிக்கு முன்னால் அதே கிண்ணம். இரண்டு வாய் சாப்பிட்டதும் அம்மா கரண்டியை வைத்துவிட்டு, “எள்ள அரைச்சு ஊத்தியிருக்காங்க, நல்லா இருக்கு” என்றார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். தம்பி எதுவும் பேசவில்லை, போய் அவருக்குத் தண்ணீர் எடுத்துவந்தான்.

கறி சொல்லும் கதை

இசெத்தானுக்கு அருகிலேயே நகமுராயா என்ற பழைய நிறுவனம் இருக்கிறது. 1927ல் அங்கே இந்திய பாணிக் கறியை அறிமுகப்படுத்தியவர், அக்குடும்பத்தின் மருமகன் ராஷ் பிஹாரி போஸ். 1943 ஜூலையில் நம் கேத்தே கட்டடத்தில், இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தவர் அவர்தான். தாத்தா காலத்து இந்திய தேசிய ராணுவக் கதைகளைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் ஒருமுறை அந்த வாசலைப் பார்த்துவிட்டு வரலாம். கின்சாவில் 1949ல் தொடங்கிய நாயர் உணவகமும் அவரோடு சேர்ந்து உழைத்த ஏ.எம். நாயர் நிறுவியதே. அங்கே கோழிக்கறிச் சோற்றை நன்றாகப் பிசைந்து சாப்பிடும்படி ஜப்பானியர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். நமக்குச் சொல்லத் தேவையில்லை.

புறப்படும் முன்

சோறு ஆக்கும் சிறிய மின்பானையை அம்மா பெட்டியில் வைக்கப் பார்த்தார். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட், நம்முடையது 230. நம் பானை அங்கே ஒழுங்காகச் சூடேறாது. பதிலாகப் பருப்புப்பொடியும் ஒரு சிறிய புட்டி நல்லெண்ணெயும் கொண்டுபோனோம். 24 மணிநேரக் கடைகளில் வெறும் சோறு பொட்டலமாகக் கிடைக்கும், அங்கேயே சூடாக்கிக்கொள்ளலாம்.

‘இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைத் திறன்பேசியில் வைத்திருங்கள். அலுவலகக் கூட்டம் 12 மணிக்கு வரும், அதற்குமுன் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். பார்க்கப் போகும் ஒவ்வோர் இடத்திற்கும் அருகில் எல்லாரும் உட்காரக்கூடிய ஒரு கடையை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை எழுதும்போது, உங்கள் வீட்டில் “எனக்குப் பசிக்கல” என்று சொல்பவர் யாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள்.