வாழைச்சேனையில் கூறைக்கு ஒரு சட்டை

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி, கிரான் என்னும் ஊர்களைக் கடந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் சென்றால் வாழைச்சேனையை அடையலாம். கிழக்கே கடல், ஊரை அணைத்தாற்போல் வாவி, அடுத்தே ஓட்டமாவடி. அவ்விடத்தில் வாவியைக் கடக்கும் இரும்புப் பாலத்தின் மீது புகைவண்டியும் மோட்டார் வாகனங்களும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுச் சென்ற காலம் ஒன்று இருந்தது. இன்று வாகனங்களுக்கெனத் தனிப் பாலம் உண்டு.

இவ்வூரின் பெயரைக் கேட்டதும் மூத்தோர் நினைவுக்கு வருவது கடதாசி ஆலை. 1950களில் எழுந்த அவ்வாலை வயலில் எஞ்சிய வைக்கோலைக் கடதாசியாக்கியது. இளையோருக்கோ, அருகிலுள்ள பாசிக்குடாவின் ஆழமற்ற, அலையடங்கிய கடல்தான் நினைவுக்கு வரும். நாம் சென்றது ஆலையைக் காணவும் அன்று. கடலில் குளிக்கவும் அன்று. ஆவணி மாதத்தில் மணமுடிக்கவிருந்த நம் உறவினர் பெண்ணுக்குச் சட்டை தைக்க அளவு கொடுப்பதற்காகவே சென்றோம். ஆனி மாதம், கச்சான் காற்று வீதிப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு சட்டைக்கு இத்தனை பயணமா என்று வாசகர் வினவக்கூடும். மட்டக்களப்புத் தமிழர் திருமண முறையை எண்ணிப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். இங்கே வீடும் வளவும் பெண்ணுக்கு உரியவை. மணமான பின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வதே பழைய வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் சபையறியக் கொண்டுவருவனவற்றுள் தலையாயவை தாலியும் கூறைச் சேலையும் ஆகும். தட்டில் வைத்த கூறையைச் சபையோர் தொட்டு ஆசி கூறியபின், மணமகள் அதனைப் பெற்று உள்ளே சென்று உடுத்தி வருவாள். அதன் பின்னரே தாலி கட்டுவர். முகூர்த்தம் எவருக்கும் காத்திராது. உடுத்திய சேலையைக் களைந்து வேறு சேலை உடுத்துவதற்குக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. அவ்வேளையில் சட்டையின் கொளுக்கி பூட்ட மறுத்தால் மணப்பெண்ணின் முகம் எப்படி இருக்கும்?

கூறை என்ற பெயர் தமிழகத்து மயிலாடுதுறையின் ஒரு பகுதியாகிய கூறைநாட்டை நினைவூட்டுவது. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் அமைய நெய்த மணச்சேலைகளுக்கு அவ்வூர் பெயர் பெற்றது. இக்காலத்தில் காஞ்சிபுரத்துப் பட்டே மிகுதியாகக் கூறையாகிறது. எதுவாயினும் சேலைக்கு ஒரு பெருமை உண்டு. அதனை எவரும் வெட்டுவதில்லை. பெரும்பாலும் ஐந்தரை மீற்றர் நீளமுள்ள அத்துணி, மெலிந்தவளுக்கும் பருத்தவளுக்கும், தாய்க்கும் மகளுக்கும் ஒருங்கே பொருந்தும். கொசுவத்தின் எண்ணிக்கை மாறுமே தவிரத் துணி மாறாது. கத்தரி படுவது சட்டைத் துணியில் மட்டுமே. ஆகவே, சேலை தேர்வதில் பிழை நேர்ந்தால் உடுத்தும் முறையால் ஓரளவு மறைக்கலாம். சட்டையில் நேர்ந்த பிழையை மறைக்க இடமில்லை.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. சட்டைத் துணி கூறையோடு சேர்ந்தே வருவது. கூறையை வாங்குவோர் மாப்பிள்ளை வீட்டார். சட்டை தைப்போர் பெண் வீட்டார். முன்னாளில் மணநாள் வரையில் தன் கூறையின் நிறத்தையே அறியாத பெண்கள் பலர். நாம் குறிப்பிடும் பெண்ணின் மாமியார் நல்லவர். கடைக்குப் பெண்ணையும் உடனழைத்துச் சென்று, அவள் விரும்பியதையே வாங்கி, சட்டைத் துணியை முன்னதாகவே வெட்டிக் கொடுத்தனுப்பினார். கூறையை மாப்பிள்ளை வீட்டார் தருவது வழக்கம். அதனைப் பெண் தேர்வது அறிவு. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

தேர்வைப் பற்றிச் சில சொல்வோம். கடையின் மின்விளக்கொளியில் அரக்கு நிறமாய்த் தோன்றிய துணி, வெயிலில் செங்கல் நிறமாய்த் தோன்றுவதுண்டு. ஆதலின் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து, முகத்தின் அருகே பிடித்துப் பார்த்தல் வேண்டும். துணி அழகாயிருக்கிறதா என்பதன்று கேள்வி. அதன் அருகே முகம் தெளிவடைகிறதா, வாடுகிறதா என்பதே கேள்வி. கருநிற மேனியும் மாநிற மேனியும் கொண்ட நம் பெண்களுக்கு அரக்கு, குங்குமச் சிவப்பு, மயிற்கழுத்துப் பச்சை முதலிய ஆழ்ந்த நிறங்கள் பெரிதும் பொருந்துவன. வெளிறிய நிறம் உடுத்தினால் தாமும் வெளுப்பாய்த் தோன்றலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். உயரம் குறைந்தவர்க்கு அகன்ற கரை உடலைக் குறுக்கிக் காட்டும். ஒடுங்கிய கரை நீட்டிக் காட்டும். கழுத்துக் குறுகியவர் சட்டையின் முன்கழுத்தைச் சிறிது இறக்கி வெட்டுவித்தல் நன்று. மேற்கை பருத்தவர்க்கு முழங்கைக்குச் சற்று மேலே முடியும் கை அழகு தரும். பருத்த இடத்திலேயே கை முடிந்தால் பார்ப்பவர் கண்ணும் அங்கேயே நிற்கும். ஆவணி வெயிலில் ஓமத் தீயின் அருகே அமர வேண்டியவள் என்பதனால், சட்டையின் உள்துணி மெல்லிய பருத்தியாக இருத்தல் வேண்டும். அதனை வெட்டுமுன் ஒருமுறை நீரில் நனைத்து உலர்த்துதல் தவறலாகாது. இன்றேல் முதல் வியர்வையிலேயே அது சுருங்கி, மேல்துணியையும் இழுக்கும்.

ஓட்டமாவடிப் பக்கத்தில், வீட்டின் முன்னறையில் இயந்திரம் வைத்துத் தைக்கும் ஒரு முஸ்லிம் மாதரிடம் சென்றோம். சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கையில் வியாபாரம் தொடங்கிய நாள் முதல், தையல் இயந்திரம் நம் நாட்டு இல்லங்களில் எத்தனை குடும்பங்களைக் காத்துவந்திருக்கிறது! போரால் ஆண் துணையை இழந்த பெண்கள் பலர் இம்மாவட்டத்தில் அதனையே துணையாகக் கொண்டனர். இவரும் அத்தகையவரே.

நம் பெண் தன் பையிலிருந்து பழைய சட்டையொன்றை எடுத்து நீட்டினாள். அளவுச் சட்டை கொடுப்பது நம்மவர் வழக்கம். ஆண் தையற்காரரிடம் உடலை அளக்கக் கொடுக்கக் கூசியதால் எழுந்த வழக்கம் அது. அந்த அம்மையார் அதனை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நகைத்தார்.

“இது எப்ப தைத்தது, மகள்?”

“மூன்று வருஷம் இருக்கும், ராத்தா.”

“அப்ப இது மூன்று வருஷத்துக்கு முந்தின புள்ளை. எனக்கு இன்றைக்கு உள்ள புள்ளைதான் வேணும்.”

கதவைச் சாத்தி, நாடாவை எடுத்தார். 60 அங்குல நாடா. மறுபுறம் 150 சென்றிமீற்றர். அளக்குமுன் அதனை ஓர் இரும்பு அளவுகோலின் மேல் வைத்துச் சரிபார்த்தார். துணி நாடா நாளடைவில் நீண்டுவிடும் என்பதை அன்றே நாம் அறிந்தோம். மணநாளில் அணியவிருக்கும் உள்ளாடையையே அணிந்து வந்திருக்கிறாளா என்று கேட்டறிந்தார். பின்னர் தோளின் அகலம், மேல்மார்பு, மார்பு, இடுப்பு, அக்குளின் சுற்று, கையின் நீளம், கை முடியுமிடத்துச் சுற்று, முன்கழுத்தின் ஆழம், பின்கழுத்தின் ஆழம், தோளிலிருந்து இடுப்பு வரை உயரம் என ஒவ்வொன்றாக அளந்து, பள்ளிக் கொப்பி ஒன்றில் எழுதினார். இரு கைகளையும் தனித்தனியே அளந்தார். வேலை செய்யும் கை சிறிது பருத்திருத்தல் இயல்பாம். அளந்த யாவற்றையும் மறுபடியும் அளந்தார். மார்பை அளக்கும்போது நாடாவுக்கும் உடலுக்குமிடையே இரு விரல் நுழைய இடம் விட்டார்.

அவ்வேளையில்தான் அவள் மூச்சை அடக்கி, வயிற்றை உள்ளிழுத்து நின்றதை அம்மையார் கண்டுகொண்டார்.

“மூச்சை விடுங்க, மகள். கலியாணத்தன்று முழுக்க இப்படி இழுத்துக்கொண்டா இருக்கப்போறீங்க?”

“ஒரு இஞ்ச் குறைச்சு வெட்டுங்க, ராத்தா. ஆவணிக்கு முதல் நான் மெலிஞ்சிருவன்.”

“மெலிஞ்சா பிடிச்சுத் தைக்க எனக்கு அரை மணித்தியாலம் போதும். மெலியாட்டி விட்டுத் தைக்கத் துணி எங்கே இருந்து வரும்?”

பெண்ணின் கண்கள் கலங்கின. அப்போதுதான் உண்மை வெளிவந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த நாளிலிருந்து, படத்தில் நன்றாய்த் தோன்ற வேண்டுமென்று உறவினர் இருவர் அவளிடம் ஓயாது சொல்லிவந்தனராம். இரண்டு வாரமாக இரவுணவை அவள் விட்டிருக்கிறாள். “மாமி, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதீங்க” என்று நம் கையைப் பிடித்தாள். அம்மையார் ஒன்றும் பேசாது ஒரு கோப்பை தேநீரும் இரு பிஸ்கட்டும் கொணர்ந்து வைத்தார். அவள் அவற்றை உண்ணும் வரையில் கத்தரியைத் தொடவில்லை.

சட்டை பெண்ணுக்காக வெட்டப்பட வேண்டியது. பெண் சட்டைக்காக வெட்டப்பட வேண்டியவள் அல்லள். அழகாகத் தோன்றுவதற்கு வழி, உள்ள உடலை உள்ளவாறே அளந்து, அதற்குப் பொருந்த வெட்டுவதே. இறுகிய சட்டை உடலை மெலிந்ததாய்க் காட்டுவதில்லை. அது மடிப்புகளையே எடுத்துக்காட்டும். பொருந்திய சட்டையில்தான் உடல் நிமிர்ந்து நிற்கும்; நிமிர்ந்து நிற்பவளே அழகி.

பட்டை வெட்டுமுன், விலை குறைந்த பருத்தித் துணியில் முதலில் ஒரு மாதிரிச் சட்டை தைப்பதாக அம்மையார் கூறினார். பத்து நாளின் பின் அதனை அணிந்து பார்க்கச் சென்றபோது கண்ணாடியின் முன் நிற்கச் சொல்லவில்லை. மாலை இடுவதுபோல் இரு கைகளையும் உயர்த்தச் சொன்னார்; மணவறையில் இருப்பதுபோல் சம்மணமிட்டு இருக்கச் சொன்னார்; பெரியோர் காலில் விழுவதுபோல் குனியச் சொன்னார். கையை உயர்த்துகையில் அக்குள் இழுத்தது. அவ்விடத்தைச் சற்று விட்டுத் தைப்பதாகக் குறித்துக்கொண்டார். பட்டில் தைக்கும்போது இரு பக்கத் தையலின் உள்ளேயும் ஓர் அங்குலத் துணியை மடித்து விட்டார். மணத்துக்கு ஒரு வாரம் முன்னே இறுதியாக அணிந்து பார்த்தல் வேண்டுமென்றார். மாற்றத்துக்கு நாள் இருக்கும்; உடல் மாறுவதற்கு நாள் இராது.

அவ்வறையில் வேறு இரு மணப்பெண்களின் ஆடைகளும் தொங்கின. ஒன்று முஸ்லிம் மணப்பெண்ணுக்கு உரிய நீண்ட கைச் சட்டை. கை நீளும்போது அக்குளில் தளர்ச்சி கூடுதலாய் வேண்டும். தலையை மூடும் முக்காட்டுக்குத் தோளில் ஊசி குத்த இடமும் வேண்டும். மற்றொன்று கிறிஸ்தவ மணப்பெண்ணின் வெள்ளைக் கவுன். விக்டோரியா மகாராணி 1840இல் வெள்ளையுடையில் மணமுடித்த பின் உலகெங்கும் பரவிய வழக்கம், வாழைச்சேனை வாவிக் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது! அதனை அளப்பதற்கு மணநாளில் அணியும் உயர்ந்த காலணியையும் கொண்டுவர வேண்டுமாம். காலணி மாறினால் கவுனின் கரை தரையைத் துடைக்கும். நம் பெண்ணோ வெறுங்காலுடன் மணவறை ஏறுபவள். ஆதலால் சேலையின் உயரத்தையும் வெறுங்காலோடே கட்டிப் பார்த்தல் வேண்டும். சமயம் மூன்று, உடை மூன்று, நாடா ஒன்றே.

திரும்பும் வழியில் பெண்ணின் தாய் நீண்ட நேரம் பேசாதிருந்து, பின்னர் தன் தமக்கையின் கதையைச் சொன்னார். அத்தமக்கையின் மணமும் ஆவணியில்தான் நிச்சயமாகியிருந்தது, ஆண்டு 2002. அவ்வாண்டு ஜூன் இறுதியில் வாழைச்சேனையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலவரம் மூண்டது. கடைகள் எரிந்தன, இரு பகுதியாரும் ஒருவர் வீதிக்கு மற்றவர் செல்ல அஞ்சினர். தைக்கக் கொடுத்த கூறைச் சட்டை ஓட்டமாவடியில் இருந்தது. அது போயிற்றென்றே வீட்டார் எண்ணினர். மணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், வைத்தியசாலையில் பணிபுரிந்த ஒருவர் வழியாக ஒரு பொதி வந்து சேர்ந்தது. சட்டை தைத்து முடிந்திருந்தது. கொடுக்க வேண்டிய கூலியின் மீதியை எவரும் கேட்கவில்லை. கலவரம் தணிந்த பின் அந்தத் தாயாரே சென்று கொடுத்து வந்தாராம். அந்தத் தையற்காரர் இன்று இல்லை. ஆயினும் அக்குடும்பத்தார் தம் மணச்சட்டைகளை அன்றுதொட்டு வேறெங்கும் கொடுப்பதில்லை.

ஓர் உடலின் அளவை மற்றொருவரிடம் ஒப்படைப்பது எளிய செயலன்று. நம் குறைகளை அறிந்தும் அவற்றை ஊரறியச் சொல்லாதவரிடமே அதனைக் கொடுக்கிறோம். இரு ஊர்களுக்கிடையே உள்ள நம்பிக்கையும் அத்தகையதே. மேடைப் பேச்சால் மட்டும் அது வளர்வதில்லை. கொடுத்த துணி குறித்த நாளில் வந்து சேர்கிறதா என்பதிலும் அது வளர்கிறது.

மணப்பெண்ணைப் பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. கூறையின் விலையைக் கூட்டுவதற்குக் கடன்படாதீர். சட்டையின் தையலுக்கு வேண்டிய நாளைக் குறைக்காதீர். இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். துணியைத் தேரும்போது பெண்ணையும் உடனழைத்துச் செல்லுங்கள். அளவெடுக்கும் நாளில் அவளுக்கு வயிறார உணவளித்து அனுப்புங்கள்.