ஜிம்னிக்கு எதை முதலில் மாட்டுவது

ஆஃப்ரோடு வண்டி வாங்கிய எவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். பெரிய டயர், லிஃப்ட் கிட், வின்ச், ஸ்னார்க்கல், கூரைமேல் ஒரு கேரியர், கேரியர்மேல் ஒரு லைட் பார். என்னிடமும் இருக்கிறது. ஐந்து கதவு ஜிம்னி வீட்டுக்கு வந்த வாரமே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து பதினேழு வரிகள் எழுதினேன். மனைவி அதைக் கீழிருந்து மேல்வரை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதுல எது இல்லாட்டி வண்டி தோட்டத்துக்குப் போகாது?"

தோட்டம் அப்பாவுடையது. தாண்டிக்குடி பக்கம், கீழ்ப்பழனி மலையில், நிழல் மரங்களுக்கு அடியில் காபி, மரத்தில் ஏறிய மிளகு. தார் ரோடு முடிந்தபிறகு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. கோடையில் பாறையும் புழுதியும், ஐப்பசி மழையில் களிமண். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. இடது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வாடகை ஜீப்பின் பின்பக்கம் தொங்கிக்கொண்டு போக முடியவில்லை. பழம் பறிக்கும் நாளில் தோட்டத்தில் நிற்காவிட்டால் அவருக்கு அந்த வருஷமே கணக்கில் சேராது. வண்டி அதற்காகத்தான் வந்தது. எனக்கு ஆசை இல்லாமலும் இல்லை.

எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்த்து வேலையை வரிசைப்படுத்துவது என் தொழில். டோப்பலாஜிக்கல் சார்ட் என்று கல்லூரியில் படித்தது. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்றால், அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டு, எந்த அம்பும் வந்து சேராத வேலையை முதலில் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அம்புகள் வட்டமாகச் சுற்றக்கூடாது. வண்டியில் அவை நன்றாகவே சுற்றுகின்றன.

டயரிலிருந்தே தொடங்குவோம். ஜிம்னியின் ஒரிஜினல் டயர் 195/80 ஆர்15. அந்த எண்களைப் பெருக்கிக் கூட்டினால் விட்டம் 693 மில்லிமீட்டர். பலரும் போடுகிற 215/75 ஆர்15-க்கு 703 சொச்சம். ஆக, வண்டி உயர்வது அதில் பாதி, ஐந்து மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. சரி, 235/75 போடலாம் என்றால் 733 வருகிறது, இருபது மில்லிமீட்டர் உயரம் கிடைக்கும். ஆனால் திருப்பும்போதும் சக்கரம் மேலே ஏறும்போதும் ஃபெண்டரில் உரசும். உரசாமல் இருக்க லிஃப்ட் வேண்டும். விட்டம் ஆறு சதவிகிதம் கூடியதால் கியர் அந்த அளவுக்கு நீளமாகிவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-க்குப் பக்கத்தில் ஓடும். ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கு மலை ஏற்றத்தில் அந்த ஆறு சதவிகிதம் தெரியும். அதைச் சரிசெய்ய டிஃபரன்ஷியலுக்குள் கியர் விகிதம் மாற்ற வேண்டும். டயர் கனமானதால் பிரேக்கும் யோசிக்க வேண்டும். ஒரு டயர் வாங்கப் போனவன் நான்கு வேலையோடு திரும்புகிறான்.

லிஃப்ட் பக்கம் இருந்து வந்தாலும் இதே கதைதான். ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் உயர்த்தினால் வண்டி முழுவதும் இரண்டு அங்குலம் பாறையிலிருந்து தப்பித்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக ரிஜிட் ஆக்ஸில். அதில் பூசணிக்காய்போல் டிஃபரன்ஷியல் கூடு தொங்குகிறது. ஸ்பிரிங் உயர்ந்தால் பாடி மேலே போகும், பூசணிக்காய் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும். லிஃப்ட்டால் கிடைப்பது வேறு: பம்பர் முட்டாமல் மேட்டில் ஏறும் கோணம், வயிறு தட்டாமல் கடக்கும் கோணம், பெரிய டயருக்கு இடம். அதற்கு விலையும் உண்டு. முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்வதால் காஸ்டர் கோணம் குறைந்து, நேர் ரோட்டில் ஸ்டியரிங் அலைபாயும். பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடின் சாய்வு மாறுவதால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். லிஃப்ட் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதற்குள் நாலைந்து பாகங்கள் ஒளிந்திருக்கின்றன.

இதற்கெல்லாம் மேலே எடை. வின்ச் என்பது முன்மூக்கில் ஏறக்குறைய ஒரு பள்ளிக்கூடப் பையனை உட்கார வைப்பது. எவ்வளவு எடை எங்கே வரப்போகிறது என்று தெரியாமல் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க முடியாது. வெறும் வண்டிக்குக் கணக்குப் போட்ட ஸ்பிரிங், வின்ச்சும் இரும்பு பம்பரும் வந்ததும் மூக்கைக் குனிந்துகொள்ளும். எல்லாம் வரும் என்று நம்பி வாங்கிய கனமான ஸ்பிரிங், அவை வரும்வரை முதுகை உடைக்கும். என் நண்பன் ஒருவன் இரண்டு வருஷத்தில் மூன்று செட் ஸ்பிரிங் வாங்கினான். "மச்சான், ஒவ்வொண்ணும் அந்த நேரத்துக்கு சரியாத்தான்டா இருந்துச்சு" என்கிறான். அவன் சொல்வது உண்மை. கடைசியாக எதை மாட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, ஸ்பிரிங்கை அதற்குப் பிறகு வாங்க வேண்டும். முடிவெடுக்கும் வரிசையும் மாட்டும் வரிசையும் ஒன்றுக்கொன்று தலைகீழ்.

நான் வின்ச் வேண்டாம் என்று முடிவு செய்தேன். தோட்டப் பாதையில் கூப்பிட்டால் ஆள் வரும் தூரத்தில்தான் எல்லாம். அந்த ஒரு வரியை அழித்ததும் இரும்பு பம்பர் போனது, கனமான ஸ்பிரிங் போனது, பேட்டரி பற்றிய கவலை போனது. ஒரு வரியை நீக்கினால் ஐந்து வரி சேர்ந்து விழும் சந்தோஷம் கோடு எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

பம்பர் எப்படியும் போயிருக்க வேண்டியதுதான். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளரின் அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. எனவே பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ்' என்று ஒரு காலம் சேர்த்தேன். ஷீட்டிலேயே அதிகம் வேலை செய்யும் காலம் அதுதான்.

அப்படியானால் எந்த அம்பும் வந்து சேராத வரிகள் எவை? எல்லாம் சின்னச் சாமான்கள். காற்றை இறக்கும் கருவி, திரும்ப ஏற்றும் கம்ப்ரசர். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைத்தால் ரப்பர் தட்டையாகி, தரையைத் தொடும் தடம் நீளும், கல்லைச் சுற்றி மடங்கிப் பிடிக்கும். களிமண் ஏற்றத்தில் இதற்கு இணையாக வேறெதுவும் இவ்வளவு குறைந்த காசில் கிடைக்காது. பிறகு இழுக்கும் கயிறு, ஷாக்கிள், சேசிஸோடு போல்ட் போட்ட கொக்கி. கொக்கி விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. டிரெய்லர் மாட்டும் டோ பாலில் கட்டி இழுக்கும்போது அது உடைந்து குண்டுபோல் பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் இப்படிச் சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. இழுக்கும்போது அப்பா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர். சொன்னாலும் நகர மாட்டார்.

இன்னொன்று ஆக்ஸில் பிரீதர். ஓடிச் சூடான ஆக்ஸில் ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத் துவாரம் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு ரப்பர் குழாயை மாட்டி மேலே கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது. ஸ்னார்க்கல் வாங்கிவிட்டு இதை மறந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் மூச்சு மட்டும்தான் மூச்சா என்ன?

டிஃப் லாக் பற்றிய ஏக்கம் எனக்கு நிறைய உண்டு. ஏஆர்பி ஏர் லாக்கர் மாட்டினால் ஒரு பட்டனில் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும், அதே கம்ப்ரசர் டயருக்கும் காற்று தரும். ஒரு கம்ப்ரசர் இரண்டு வரியை அடிக்கிறது என்பது ஷீட்டில் அழகாக இருந்தது. ஆனால் ஜிம்னி லோ ரேஞ்சில் சும்மா சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து எதிர்ச் சக்கரத்துக்கு விசையைத் தள்ளுகிறது. எங்கள் பாதைக்கு இதுவரை அது போதுமானதாக இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய ஜீப்புகளைப் பாருங்கள். அந்தப் பாறைப் படிகளில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு தினமும் போகிறார்கள். லைட் பார் வைத்த ஜீப்பை அங்கே நான் பார்த்ததில்லை. நான் ஏறிய ஜீப்பின் டிரைவரிடம் என்னென்ன மாற்றியிருக்கிறார் என்று கேட்டேன். "கிளட்ச் பிளேட்டு தம்பி" என்றார்.

மிஞ்சியது லிஃப்ட்டும் ராக் ஸ்லைடரும். இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த வருஷம் காசு. கதவுக்கு அடியில் சேசிஸோடு பொருத்தும் கனமான குழாய் ஸ்லைடர். பாறைமேல் வண்டியின் இடுப்பு விழும்போது எடையைத் தாங்கிச் சறுக்கவிடும். நிறுத்தி வைத்து ரசிக்க வேண்டுமென்றால் லிஃப்ட்தான் அழகு, அதில் சந்தேகமே இல்லை.

வீட்டு வாசலில் செங்கல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, அப்பாவை இடது காலை வைத்து ஏறச் சொல்லிப் பார்த்தேன். "என்னத்தடா அளக்குற, சட்டைக்கா?" என்றவர், மூன்றாவது செங்கல்லில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். டேப் வைத்துக் குறித்துக்கொண்டு போய் வண்டியின் கதவடியை அளந்தேன். இப்போதே மூன்று செங்கல்லைத் தாண்டி நிற்கிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் கைப்பிடியில் தொங்கி, மூச்சு வாங்கி, யாரும் பார்க்காததுபோல் ஏறுகிறார். இதற்குமேல் இரண்டு அங்குலம் என்றால் அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். "இன்னைக்கு நீ போயிட்டு வாப்பா, எனக்கு வேலை இருக்கு" என்பார். அவ்வளவுதான்.

ஸ்லைடருக்கே ஆர்டர் கொடுத்தேன். பட்டறைக்காரரிடம் பாடியை ஒட்டி வளைக்காமல் குழாயைக் கொஞ்சம் வெளியே தள்ளி, மேல்பக்கம் புள்ளிபோட்ட தகடு வைத்துத் தரச் சொன்னேன். செங்கல் அளவைச் சொல்லி, குழாயின் மேல்மட்டம் அதற்குக் கீழே நிற்க வேண்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "தம்பி, ரெண்டு இஞ்சு கீழ இறக்குனா பாறையில அதுதான் மொத தட்டும்." தட்டட்டும், தட்டுவதற்குத்தானே அது இருக்கிறது என்றேன். கடைசியில் ஓட்டுநர் பக்கம் உள்ள குழாய் மேலே ஏற்றியும், அப்பா ஏறும் இடது பக்கம் தாழ்வாகவும் வைப்பதென்று முடிவானது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாத ஸ்லைடரை இதுவரை யாருக்கும் செய்ததில்லை என்றார்.

215/75 டயர் நான்கும் ஐப்பசிக்கு முன்னால் வரும். ஸ்டெப்னிக்கு ஐந்தாவது டயரும் அதே அளவில் வாங்கியாக வேண்டும், அதைப் பதினேழு வரியில் நான் சேர்த்திருக்கவில்லை. லிஃப்ட் இருந்த வரியை அழிக்காமல் சாம்பல் நிறத்தில் விட்டு வைத்திருக்கிறேன்.