உறைவிடந் தேர்தல்

வெளியூர்ப் பயணத்திற்குப் புறப்படுவோர் தாம் காணப்போகும் காட்சிகளைப் பற்றிப் பலநாள் பேசுவர். உண்ணப்போகும் உணவைப் பற்றிச் சில நாழிகை பேசுவர். இரவிற் படுக்கப்போகும் இடத்தைப் பற்றியோ, புறப்படுவதற்கு முதல்நாள் மாலையில் ஒருவாறு எண்ணி முடிவு செய்வர். யாமும் அத்தகையோரில் ஒருவராகவே நெடுங்காலம் இருந்தோம். அதனால் நேர்ந்த வருத்தத்தையும், அவ்வருத்தத்தினின்று பெற்ற சிற்றறிவையும் இங்கு எழுதப் புகுந்தோம். இக்கல்லூரி விடுதியில் வாழும் மாணாக்கர்க்கு உறைவிடத்தின் அருமையை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும், அவர்கள் பிற்காலத்துத் தம் வீட்டு முதியோரை உடனழைத்துக்கொண்டு நெடும்பயணம் செல்லுங்கால் இக்கட்டுரை நினைவுக்கு வருமாயின், எம் முயற்சி வீண்போகாது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் வாழும் எம் மகளைக் காணச் சென்றிருந்தோம். எம்முடன் எம் அத்தையாரும் வந்திருந்தார். அவர் எம் தந்தையாரின் தங்கை. எம்மை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அப்போது எழுபத்தெட்டு ஆண்டு நிரம்பியவர். ஏழு வயதினனாகிய எம் பெயரன், அனஹைம் நகரத்திலுள்ள டிஸ்னிலாண்டு என்னும் கேளிக்கைப் பூங்காவைக் காணவேண்டுமென்று பல மாதங்களாக வேண்டிக்கொண்டிருந்தான். மகளும் இசைந்தாள். அலுவல் மிகுதியால், தங்குமிடம் பார்க்கும் பொறுப்பை மட்டும் எம்மிடம் விட்டுவிட்டாள். கணக்கு வாத்தியாராய் முப்பதாண்டு உழைத்த எமக்கு இஃதோர் எளிய கணக்காகவே தோன்றிற்று.

அனஹைம் நகரம் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரின் தென்கிழக்கே ஏறத்தாழ 25 மைல் தூரத்தில் உள்ளது. 1857ஆம் ஆண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் அதனை நிறுவித் திராட்சை பயிரிட்டனர். 1880ஆம் ஆண்டுகளில் கொடிகளை ஒரு நோய் பற்றி அழித்தபின், கிச்சிலித் தோட்டங்கள் அவ்விடத்தைப் பெற்றன. 1950ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவ்வூரில் 15,000 பேருக்குங் குறைவாகவே இருந்தனர். அத்தகைய ஊரில், சித்திரப் படங்களால் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி என்பவர் 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, ஏறக்குறைய ஓராண்டுக் காலத்துள் பூங்காவை அமைத்து, 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் திறந்தார். செலவு 17 மில்லியன் டாலர் அளவில் ஆயிற்று. அதனால் விருந்தினர் தங்குதற்கு ஒரு ஹோட்டல் கட்ட அவர் கையில் பொருளில்லை. தொலைக்காட்சித் தொழிலில் ஈடுபட்டிருந்த ஜாக் ராதர் என்னும் செல்வரை வேண்டிக் கட்டச் செய்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்ட அந்த ஹோட்டல், பூங்காவின் பெயரையே தாங்கியிருந்தும், 1988ஆம் ஆண்டுவரை பூங்காவுடையார் கைக்கு வரவில்லை.

சுற்றியிருந்த நிலங்களோ பிறருடையனவாயிருந்தன. பூங்கா திறந்து சில ஆண்டுகளுக்குள் கிச்சிலி மரங்கள் வெட்டப்பட்டு, கிழக்கெல்லையாகிய ஹார்பர் பெருவீதியின் ஓரமாக மோட்டல்கள் வரிசையாய் எழுந்தன. மோட்டார் வண்டியில் வருவோர் தங்கும் ஹோட்டலையே இரு சொற்களையும் ஒன்றாய் ஒட்டி மோட்டல் என்பர். இச்சொல் 1925ஆம் ஆண்டில் அதே கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் ஊரில் தோன்றியது. அறையின் வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நேரே உட்புகலாம் என்பதே அதன் சிறப்பு.

ஆகவே எம்முன் மூன்று வழிகள் நின்றன. பூங்காவுடையாரின் சொந்த ஹோட்டல்களில் தங்குவது ஒன்று. பெருவீதியின் எதிர்ப்புறத்து மோட்டலொன்றில் தங்குவது மற்றொன்று. ஆறு மைல் அப்பால், வேறொரு ஊர் எல்லையில், மலிவான விடுதியில் தங்குவது மூன்றாவது. முதலாவதில் ஓரிரவு வாடகை 500 டாலருக்கு மேற்பட்டது. அங்குத் தங்குவோர் அக்காலத்தில் பூங்காவினுள் அரைமணி நேரம் முன்னதாகப் புகலாம் என்னும் சலுகை இருந்தது. அவ்வரைமணிக்காக அத்துணைப் பொருளைக் கொடுக்க எம் மனம் ஒப்பவில்லை. இரண்டாவது, அனஹைம் நகரம் நூற்றுக்கு 15 வீதம் வாங்கும் விடுதி வரியும் சேர்த்து, 200 டாலர் அளவில் ஆயிற்று. மூன்றாவது 120 டாலரில் முடிந்தது. நான்கிரவுக்கு 320 டாலர் மிச்சம் என்று தாளில் எழுதி, அடியிற் கோடிட்டு, மகளிடம் பெருமிதத்தோடு காட்டினோம். அத்தையாரும் அதனைக் கேட்டு, “கெட்டிக்காரப் பிள்ளை” என்று எம்மைப் பாராட்டினார்.

முதல்நாட் காலை வண்டியில் புறப்பட்டோம். வண்டி நிறுத்தும் கட்டணமாக 30 டாலர் கொடுத்தபோதுதான் எம் கணக்கில் ஒருவரி விடுபட்டமை தெரிந்தது. பல மாடிகள் கொண்ட அந்நிறுத்துமிடத்தினின்று தொடர்வண்டியொன்றில் ஏறி வாயிலருகே இறங்கி, சோதனையும் கடந்து, நெடுந்தூரம் நடந்து உட்புகுந்தோம். பெயரன் மான்கன்றுபோல் துள்ளி ஓடினான். நண்பகல் ஆயிற்று; வெயில் ஏறிற்று; அத்தையாரின் நடை தளர்ந்தது. சிறிது நேரம் அறைக்குச் சென்று படுத்தெழுந்து வரலாமா என்று கேட்டோம். வந்த வழியெல்லாம் திரும்ப நடந்து, தொடர்வண்டியேறி, ஆறு மைல் சென்று, மீண்டும் அவ்வாறே வருவதற்குள் பெயரனின் பகற்பொழுது கழிந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். “எனக்கு ஒன்றுமில்லை, ஐயா. இந்த நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை பார்க்கட்டும்” என்றார். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் என்றோம். “நான் நடக்கமாட்டாதவளா?” என்று முகஞ் சுளித்தார். அதன்மேல் யாம் வற்புறுத்தவில்லை.

பிற்பகல் ஒரு மணி முதல் இரவு வாணவேடிக்கை முடியும்வரை அவர் ஒரு மரத்தடிப் பலகையில் அமர்ந்திருந்தார். யாமும் மகளும் மாறி மாறி வந்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் புன்னகையோடு, “போய் வாருங்கள், எனக்கு நன்றாய்ப் பொழுது போகிறது” என்றே சொன்னார். அச்சொல்லை யாம் நம்பினோம் என்பதைவிட, நம்புவது எமக்கு வசதியாயிருந்தது என்பதே உண்மை. நள்ளிரவு நெருங்கும் வேளையில் விடுதியை அடைந்து, அவர் செருப்பைக் கழற்றியபோது, இரு பாதங்களும் வீங்கிப் பளபளத்தன; வாரின் தடம் தோலிற் பதிந்திருந்தது. மகள் வெந்நீர் கொண்டுவந்து அவர் கால்களை அதில் வைத்தாள். ஒருவரும் பேசவில்லை. படுக்கையிற் கிடந்த பெயரன் தலையைத் தூக்கி, “தாத்தா, ஆச்சி ஒன்றுமே பார்க்கவில்லையே” என்றான். எம் தாளில் அடிக்கோடிட்டு நின்ற 320 டாலர் அக்கணமே எமக்குக் கசந்துவிட்டது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அப்பூங்கா தோன்றிய வரலாறு நினைவுக்கு வந்தது. வால்ட் டிஸ்னி, விடுமுறை நாட்களில் தம் புதல்வியர் இருவரையும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கிரிஃபித் பூங்காவிற்கு அழைத்துச் செல்வாராம். அங்கே அவர்கள் குதிரை இராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அவர் ஒரு பலகையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே மகிழ்தற்குரிய இடமொன்று வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு அப்பலகையிலேதான் உதித்ததென அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். பிள்ளை விளையாடப் பெரியவர் பலகையில் தனித்திருக்கும் நிலையை ஒழிக்க எழுந்த பூங்காவில், எம் அத்தையாரை எட்டு மணி நேரம் பலகையில் இருத்தியவர் யாமே. பூங்கா அதற்குக் காரணமன்று. எம் கணக்கே காரணம்.

மறுநாட் காலையில், ஓரிரவு வாடகையை இழந்து, அவ்விடுதியை விட்டு நீங்கினோம். ஹார்பர் பெருவீதியில், பூங்கா வாயிலுக்கு நேரெதிரே, இரண்டு மாடிகளுடைய பழைய மோட்டலொன்றில் இடம் கிடைத்தது. பொதுவாக இத்தகைய இடங்களிற் பிற்பகல் 3 மணிக்கு முன் அறை கொடார். முதியவர் ஒருவர் உடனிருப்பதைச் சொல்லிக் கேட்டபின், நண்பகலில் கீழ்த்தளத்து அறையொன்றைத் தந்தனர். அறை சிறியது; கட்டில்கள் இரண்டு; சுவரின் வண்ணம் மங்கியிருந்தது. ஆயினும் வாசலினின்று பூங்காவின் நுழைவாயிலுக்கு அத்தையாரின் மெல்நடையில் பன்னிரண்டு நிமிடமே ஆயிற்று. பூங்காவின் பெயரைத் தாங்கிய பழைய ஹோட்டல் மேற்கே உள்ளது. அதனினின்று நடப்பதைக் காட்டிலும் இப்பெருவீதி மோட்டல்கள் சிலவற்றினின்று நடப்பது குறைவு என்பதை அப்போதுதான் அறிந்தோம். எமது வண்டியும் அன்று அசையாமல் நின்றது.

அன்று காலை மூன்று மணி நேரம் பார்த்தோம். வெயில் ஏறியதும் வெளியே வந்தோம். அன்றைய சீட்டைக் கொண்டே மீண்டும் உட்புகலாம் ஆதலின் நட்டமில்லை. தயிர்ச்சோறு உண்டு, அத்தையார் இரண்டு மணி நேரம் அயர்ந்து உறங்கினார். பெயரனும் தன்னையறியாமல் உறங்கினான். மாலை ஐந்து மணிக்கு மீண்டும் சென்றபோது, பூங்காவைச் சுற்றியோடும் நீராவி இரயிலில் ஆச்சியும் பெயரனும் அருகருகே அமர்ந்து ஒருமுறை வலம் வந்தனர். 1955ஆம் ஆண்டு முதலே அவ்விரயில் ஓடிவருகிறது. புகைமணம் காற்றில் வந்ததும் அத்தையார் கண்களை மூடி, “சின்ன வயதில் என் அப்பாவோடு மணியாச்சிச் சந்திப்பில் வண்டி மாறியது நினைவு வருகிறது” என்றார். பெயரன் உடனே அவ்வூரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினான். இரயில் நின்றபின்பும் கதை நிற்கவில்லை. அன்றிரவு வாணவேடிக்கையை மோட்டலின் மேல்மாடித் திண்ணையினின்று பார்த்தோம். அத்தையார் நாற்காலியில் சாய்ந்து, கால்களை மற்றொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். பெயரன் அவர் மடியில் தலைவைத்திருந்தான்.

நிற்க. தங்குமிடத்தைக் கடைசியாக எண்ணியதன் குறையை அப்பூங்காவை அமைத்தவரும் உணர்ந்தார். சுற்றுப்புறம் பிறர் கையில் போய்விட்டதை எண்ணி வருந்திய அவர், புளோரிடா மாகாணத்தில் இரண்டாவது பூங்காவை அமைக்கக் கருதியபோது, வெவ்வேறு கம்பெனிப் பெயர்களால் மறைவாக 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாங்கச் செய்தார். அவர் 1966ஆம் ஆண்டில் காலமாயினமையின், தமையனார் ராய் டிஸ்னி அப்பணியை முடித்தார். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அது திறக்கப்பட்டபோது, இரண்டு ஹோட்டல்களும் உடன் திறக்கப்பட்டன. மோனோரெயில் என்னும் ஒற்றைத் தண்டவாள வண்டி அவற்றுள் ஒன்றின் கட்டடத்தின் ஊடாகவே செல்கிறது. எனினும் அந்நிலம் பரந்ததாகையால், பின்னர் உள்ளேயே எழுந்த ஹோட்டல்கள் பலவற்றினின்று பேருந்தேறியே பூங்காவை அடையவேண்டும். ஆகவே ‘உள்ளே’ என்ற பெயராலே ஓரிடம் அண்மையாகிவிடாது; ‘வெளியே’ என்ற பெயராலே சேய்மையாகிவிடவும் செய்யாது.

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் வாடகையை மட்டும் கேளாமல், வண்டி நிறுத்துங் கூலி எவ்வளவு, வரி சேர்ந்ததா, அறை எப்போது கிடைக்கும், மாடிப்படி ஏறவேண்டுமா, நண்பகலில் நடந்தே திரும்பிவர இயலுமா என்பனவற்றையும் கேட்பார்களாக. குடும்பத்தில் எல்லோரும் இளைஞராயின், தொலைவிலுள்ள மலிவு விடுதியே தக்கது, அதிற் குற்றமில்லை. முதியோரும் குழந்தைகளும் உடன்வரின் கணக்கு வேறாகிவிடும். குழந்தை அழுது தன் களைப்பைச் சொல்லிவிடும். முதியோர் சொல்லமாட்டார். ஆதலின், யார் வாய்திறந்து கேட்கமாட்டாரோ அவருடைய கால்களைக்கொண்டே தூரத்தை அளந்து உறைவிடம் தேர்தல் வேண்டும்.

ஊருக்குத் திரும்பியபின் அத்தையார் அண்டை வீட்டாரிடம் அப்பயணத்தைப் பற்றிப் பலகாலும் பேசுவதுண்டு. அங்குக் கண்ட அரண்மனையைப் பற்றியன்று. அந்த நீராவி வண்டியைப் பற்றியும், நண்பகலில் உறங்கிய சிற்றறையைப் பற்றியுமே பேசுவார். முதல்நாளைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. அதனாலேயே யாம் இங்கு எழுதினோம்.