நூலிழை

எம் பங்கில் பல்லாண்டுகள் உபதேசியாராகப் பணியாற்றி மறைந்த பெரியவர் ஒருவரின் தம்பூரா அது. "கோயிலிலேயே இருக்கட்டும் சாமி" என்று அவருடைய துணைவியார் கொண்டுவந்து தந்தார். தவக்காலத்தில் பாடலைத் தாங்கும் அளவுக்கே இசைக்கருவிகளுக்கு இடமுண்டு. தம்பூரா அதற்கு ஏற்றதென மகிழ்ந்தேன். ஆனால் சுருதி கூட்டியபோது அனுசாரணைத் தந்தி மட்டும் தகரம் அதிர்வதுபோல் கரகரத்தது.

குருமடத்தில் ஆர்மோனியம் பழகிய துணிவில் நானே பழுதுபார்க்க இறங்கினேன். குதிரையின் மேல், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு நூலிழை கிடந்தது. அழுக்கென்று எண்ணி நான்கையும் உருவி எறிந்தேன். நாதம் மங்கி, மரப்பெட்டியைத் தட்டினாற்போல் ஒலித்தது. பிறகு செய்ததே பெரும்பிழை: தந்தி பதிந்த தடம் தெரிகிறதே என்று உப்புத்தாள் கொண்டு குதிரையைத் தேய்த்துத் தட்டையாக்கினேன்.

தேரடி வீதியருகே வாழும் ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவரைத் தேடிச் சென்றேன். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தினூடே தம்பூராவைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு நடந்தேன். அவர் குதிரையைத் தடவிப் பார்த்தார். "ஃபாதர், முதுகை ஒடிச்சிட்டீங்களே!"

குதிரையின் மேற்பரப்பு ஆமை முதுகுபோல் மெல்ல வளைந்திருக்கவேண்டுமாம். அதிரும் தந்தி அவ்வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதால்தான் மேற்சுரங்கள் நிறைந்து எழுகின்றன. தொடும் இடத்தை நிர்ணயிப்பது அந்த நூலிழை. அதற்கு ஜீவாளி என்று பெயர். மயிரிழை தள்ளினாலும் ஒலி மாறிவிடும். சர் சி. வி. இராமன் 1921இல் வீணையையும் தம்பூராவையும் ஆராய்ந்து எழுதியது இவ்வளைவின் விந்தையைத்தான். ஐரோப்பியரின் ஹர்டி-கர்டியிலும், சக்கரம் உரசும் இடத்தில் தந்திக்குப் பஞ்சு சுற்றுவார்கள். பஞ்சு குறைந்தால் கீச்சிடும். அங்கே பஞ்சு, இங்கே நூல்!

என்னை நாணச் செய்தது வேறு. கரகரப்புக்குக் குதிரை காரணமே அன்று. குதிரைக்குக் கீழே தந்தியில் கோத்திருந்த சுருதிமணி தளர்ந்து, பலகையில் பட்டு அதிர்ந்திருக்கிறது. அதை ஒரு நொடியில் இறுக்கிவிட்டார். வளைவை மீட்க அவருக்குப் பத்து நாள் ஆயிற்று.

குருத்து ஞாயிறு ஒத்திகைக்கு அம்மையார் வந்திருந்தார். கண்களை மூடிக் கேட்டவர், "அவர் மீட்டினா இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும்" என்றார். நடந்ததை மறையாமல் சொன்னேன்.

"அவரும் புதுசுல ஒருதரம் நூலை உருவிப் போட்டவர்தான் சாமி" என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, "தேய்க்கல" என்றார்.