கைமாறும் பேஸ் கிதார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை உள்தெருக்கள் வழியாகவே சென்று பாருங்கள். மாடியில் தகரக் கூரை வேய்ந்த சிறு சபைகள் சிலவற்றையேனும் கடக்க நேரும். பாட்டு காதுக்கு எட்டுவதற்கு முன்பே ஓர் அதிர்வு வந்துவிடும். எதிர்வீட்டுச் சன்னல் கம்பியைத் தொட்டால் விரல் நுனியில் தெரியும். அதுதான் பேஸ் கிதார். பாடுபவரின் பெயர் தெருவுக்குத் தெரியும். கீபோர்டு வாசிப்பவரைப் பையன்கள் சூழ்ந்து நிற்பார்கள். பேஸ் வாசிப்பவர் சுவரோரமாக நின்று வாசித்துவிட்டுக் கருவியை உறையில் இட்டுக்கொண்டு போய்விடுவார். இளையராஜாவின் பாடல்களில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரனையும், ஏ.ஆர்.ரகுமானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நாங்கள் மூவர். ஒருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். ஒருவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்துக் கலியாண மேடைகளில் விடியலைக் கண்டவர். மூன்றாமவர் கல்லூரியில் தமிழ் பயிற்றுபவர். இதை எழுதுவது அந்தக் கைதான். பழைய பேஸ் கிதார்களை வாங்கி, பழுது நீக்கி, வேண்டிய மாற்றங்களைச் செய்து விற்பது பத்தாண்டுகளாக எங்கள் வேலை. வேலை என்று சொல்வதுகூட மிகை. ஆண்டுக்கு எட்டு அல்லது பத்து கருவிகள் கைமாறும். மிஞ்சுவதை மூன்றாகப் பிரித்தால் பெட்ரோலுக்கும் தேநீருக்கும் சரியாக இருக்கும்.

அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். சாதாரண கிதாருக்கு ஆறு தந்தி. பேஸுக்குப் பெரும்பாலும் நான்கு, ஒரு ஸ்தாயி கீழே. மிகத் தடித்த தந்தி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. கைப்பேசியின் ஒலிபெருக்கிக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெரியாது. ஆகவே விளம்பரத்தோடு அனுப்பப்படும் காணொளியைக் கேட்டு ஒரு பேஸை வாங்குவது, புகைப்படத்தைப் பார்த்து மாம்பழத்தின் இனிப்பைச் சொல்வதற்கு ஒப்பாகும். 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தம்முடைய பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். ஆளுயர டபுள் பேஸில் மெட்டுக்கள் கிடையாது. சுரம் விரலின் பொறுப்பு. ஃபெண்டர் மெட்டுக்களை வைத்துச் சுரத்தைத் துல்லியமாக்கினார். பெயரும் அதனால் வந்ததே. அவர் செய்த இன்னொன்றுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பைக் கொடுத்தது: கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். கழற்றலாம், மாட்டலாம், மாற்றலாம்.

மெட்டு, குதிரை, மேரு, பிரடை என்று நாங்கள் சொல்வதெல்லாம் வீணையின் சொற்கள். பட்டறைக்காரர் ஃப்ரெட், பிரிட்ஜ், நட்டு என்பார். அவர் "நட்டு" என்றால் மரையாணியோடு சேரும் நட்டா, தந்தி உட்காரும் மேருவா என்று ஒருமுறை குழப்பம் வந்தது. அன்றிலிருந்து மேரு என்ற சொல்லை அவரும் ஏற்றுக்கொண்டார். தமிழாசிரியர் அடைந்த ஒரே வெற்றி அது.

விற்க வருபவர்கள் பல வகை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வாங்கி, யூட்யூபில் நான்கு பாடம் பார்த்து, பிறகு அலுவலகம் திறந்ததும் அலமாரிக்கு மேல் ஏற்றியவர்கள் ஒரு வகை; கருவி புதிதாகவே இருக்கும், தந்தி மட்டும் துருப்பிடித்திருக்கும். வெளிநாடு போகும் மாணவர்கள் மற்றொரு வகை. கலைந்துபோன மெல்லிசைக் குழுக்களின் கருவிகள் மூன்றாவது. இவற்றைப் பற்றி மட்டும் தனியாகவே எழுதலாம். கீபோர்டுக்காரரின் இடக்கையே பேஸையும் வாசித்துவிடும் என்று ஆனபோது, குழுவில் முதலில் சம்பளம் நின்றது பேஸ்காரருக்குத்தான். எங்கள் ரயில்வே நண்பர் இதைச் சொல்லும்போது குரலில் கசப்பு இருக்காது. ஆனால் கீபோர்டை "அந்தப் பெட்டி" என்றுதான் சொல்வார்.

ஒரு கருவியை வாங்கும் முன் பார்ப்பது கழுத்தை. தலைப்பலகையைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் உடலை நோக்கிப் பார்க்க வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ இழுவிசையோடு கழுத்தை வளைத்துக்கொண்டே இருக்கின்றன. அதை எதிர்த்து உள்ளே ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. அலன் சாவியால் அதைத் திருகி வளைவைச் சரிசெய்யலாம். முறுக்கத்தைச் சரிசெய்ய முடியாது. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம்.

அடுத்தது நீர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், துடைத்து மெருகிட்ட கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. வெளியே ஒன்றும் தெரியாது. கழுத்தின் நான்கு திருகாணிகளையும் கழற்றினால் ஆணியின் மரையில் செந்துருவும், பொந்தில் சாக்கடை வாடையும் இருக்கும். இதைப் படிக்கும் இலக்கிய நண்பர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை யாழில் வெல்ல வந்த சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லி ஒதுக்குகிறான்: இதன் மரம் நீரில் நின்று கெட்டது, இது இடியுண்ட மரம் என்று. ஒன்றின் நரம்பில் மயிர் கலந்திருப்பதையும் எடுத்துக் காட்டுகிறான். வகுப்பில் அந்தப் பகுதியை நடத்தும்போது மாணவர்கள் அதைக் காவிய மிகை என்று எண்ணுகிறார்கள். பழைய கருவி வாங்கிப் பார்த்தவர் எவரும் அப்படி எண்ணமாட்டார். திருத்தக்கதேவருக்குக் கருவிக் கைவினைஞர் எவரோடோ நல்ல பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு.

மின் பகுதி எளிது. காந்தத்தின் மேல் மயிரினும் மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியதே பிக்கப். மல்டிமீட்டரை வைத்தால் ஏழு முதல் பதினோரு கிலோ ஓம் வரை காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. ஒலியளவுத் திருகுகள், மின்தேக்கி, ஜாக் ஆகியவற்றை ரிச்சி தெருவில் ஒரு மாலையில் வாங்கிவிடலாம். இரைச்சல்தான் பெரும் பாடு. உட்பொந்து முழுவதும் செம்புத் தகடு ஒட்டி எர்த்தோடு இணைத்துக் கொடுப்போம். வாங்கியவர் வீட்டுக்குப் போய் "இன்னும் கொர்ரென்கிறதே" என்று அழைப்பார். போய்ப் பார்த்தால் வீட்டின் மூன்றாம் துளைக்கு எர்த் கம்பியே இருக்காது. அதை முதலில் சரிசெய்யச் சொல்வது கருவியின் நலத்துக்காக மட்டுமன்று. பேஸின் தந்திகள் எர்த்தோடு இணைந்தவை. பழுதான ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்தால் அவற்றைத் தொடும் கைக்கே ஆபத்து.

சென்ற ஆண்டின் கருவிக்கு வருவோம்.

ஆவடியில் எழுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா. கணவர் தொழிற்சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது ஆண்டுகள் சபையில் பேஸ் வாசித்தவர். மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தார். எண்பதுகளின் யமஹா, தலைப்பலகையின் பின்னால் ஜப்பானில் செய்தது என்ற முத்திரை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1991இல் தளர்வதற்கு முன் இத்தகைய கருவி இங்கு வந்து சேர்வது எளிதாக இருக்கவில்லை. கப்பலில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாராம். கழுத்து நேராக இருந்தது. விரற்பலகை ஈட்டி மரம். நம் மலைகளிலிருந்து ஜப்பானுக்குப் போய்த் திரும்பி வந்த மரமாகவும் இருக்கலாம் என்று பேசிக்கொண்டோம். பின்பக்க மூடியில் அவருடைய பெயரின் இரண்டு முதலெழுத்துகள் ஆணியால் கீறப்பட்டிருந்தன. கட்டைவிரல் ஊன்றுவதற்காக அவரே ஒரு மரத்துண்டைச் செதுக்கி இரண்டு திருகாணிகளால் பொருத்தியிருந்தார்.

"ஐயாயிரம் குடுத்தா எடுத்துக்கங்க சார். பக்கத்து வீட்டுத் தம்பி அவ்ளோதான் போகும்னாரு."

செப்பனிட்ட பின் அது முப்பதாயிரத்துக்குக் குறையாது என்று மூவருக்கும் தெரியும். தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லித் தெருமுனைக்கு வந்தோம். பட்டறைக்காரர் சொன்னார்: "வாத்தியாரே, அவங்க சொன்ன வெலைக்கு மேலயே ரெண்டாயிரம் குடுப்போம். வியாபாரம்னா அதானே?" அவர் கல்நெஞ்சர் அல்லர். பழைய இரும்பு வாங்குகிறவரும் விற்கிறவரும் தத்தம் அறிவை நம்பியே பேரம் பேசுகிறார்கள், அதில் வஞ்சனை இல்லை என்பது தொழிற்பேட்டையின் நியாயம். ரயில்வே நண்பர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "என் பெட்டிய என் வீட்டுக்காரி இப்படித்தான் ஒருநாள் தொறப்பா." அதற்குப் பிறகு விவாதிக்க ஒன்றும் இருக்கவில்லை. செலவுகளைக் கணக்கிட்டோம்: புதுத் தந்தி, மெட்டுக்களைச் சமன்செய்தல், மின் பகுதி. இருபத்திரண்டாயிரம் கொடுக்கலாம் என்று தீர்ந்தது.

விலையைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறிய விதத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மகிழ்ச்சி இல்லை, ஐயம். "அப்படி என்ன சார் இருக்கு இதுல?" என்று பெட்டியை மூடிவிட்டார். கேட்டதற்கு மேல் கொடுப்பவனை நம்ப இவ்வூரில் யாருக்கும் காரணம் இல்லையே. விலை விவரங்களை ஒரு தாளில் எழுதி, அண்ணா சாலையிலோ வேறெங்கோ ஏதேனும் ஓர் இசைக்கருவிக் கடையில் விசாரித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தோம். இரண்டு மாதம் அழைப்பில்லை. பிறகு அவருடைய மகள் பேசினார். கொடுக்கச் சம்மதம்; ஆனால் அந்த எழுத்துகளை அழிக்கக் கூடாது, அப்பா செய்த கட்டையை எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார் என்றார். ஒப்புக்கொண்டோம்.

வாங்க வந்தவர் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் இளைஞர். நன்றாக வாசிக்கக்கூடியவர். எழுத்துகளைப் பற்றியும் கட்டையைப் பற்றியும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அவருடைய நிபந்தனை வேறு: மெட்டுக்களைப் பிடுங்கிவிட வேண்டும். ஜாக்கோ பாஸ்டோரியஸைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். ஜாக்கோ தம்முடைய ஜாஸ் பேஸின் மெட்டுக்களை நீக்கி, பள்ளங்களை மரப்பசையால் நிரப்பி, படகுக்குப் பூசும் எப்பாக்சியை விரற்பலகையில் பூசிக்கொண்டவர். 1976இல் வந்த அவருடைய முதல் தட்டு அந்த ஒலியை உலகுக்குக் காட்டியது. மெட்டில்லாத பேஸில் சுரங்களுக்கிடையே விரல் வழுக்கிச் செல்லும், கமகம் வரும். "நம்ம பாட்டுக்கு இதுதான் அண்ணா சரி" என்றார் இளைஞர். அவர் சொன்னது தவறில்லை.

ஆயினும் நாற்பதாண்டுகளாக அந்த மெட்டுக்களின் மேல் ஒருவருடைய விரல்கள் நடந்திருந்தன. முதல் ஐந்து மெட்டுக்களில் மட்டும் தடித்த தந்திக்குக் கீழே தேய்ந்த குழிகள். கீர்த்தனைகள் எந்தச் சுருதிகளில் பாடப்பட்டன என்பதை அவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம். அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கில் மெட்டுக்கள் இல்லை, கேட்டிருந்தால் சேர்த்திருப்பார். வாசிப்பவனுக்கு உதவாத கருவி பெட்டிக்குள் கிடக்கும் என்பதும் உண்மைதான். இம்முறை பட்டறைக்காரர்தான் வழி சொன்னார். "கழுத்த மாத்து. இத எடுத்து வச்சுடு."

முறுக்கமில்லாத, ஆனால் உடல் நீரில் ஊறிப்போன வேறொரு மலிவு பேஸின் கழுத்து பரணில் கிடந்தது. மேருவிலிருந்து குதிரை வரை இரண்டுக்கும் ஒரே 34 அங்குலம். சால்டரிங் இரும்பால் ஒவ்வொரு மெட்டையும் சூடாக்கிக் குறடால் மெல்ல நெம்பினோம். அவசரப்பட்டால் மரம் செதிளாகப் பெயர்ந்துவிடும். இருபத்தொரு பள்ளங்களிலும் மெல்லிய வெளிர்மரச் சீவல்களை ஒட்டி இழைத்தோம். அவை கோடுகளாகத் தெரியும், விரலுக்கு வழிகாட்டும். எஃகுத் தந்தி மரத்தைத் தின்னாதிருக்க எப்பாக்சி. புதுக்கழுத்தின் அடிப்பகுதி யமஹாவின் பொந்தைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அகன்றிருந்தது. பொந்தை அகலப்படுத்துவது பத்து நிமிட வேலை. உடலைத் தொடக்கூடாது என்று கழுத்தையே இழைத்து இழைத்துப் பார்த்ததில் இரண்டு ஞாயிறுகள் போயின. லேத்தில் பித்தளை மேரு ஒன்றும் கடைந்தார். அதற்குக் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுவாரம் வாங்கிக்கொண்டார்.

இருபத்தொன்பதாயிரத்துக்குப் பேசி முடித்தோம், ஆறு தவணை. எங்கள் கணக்கில் அது நட்டமன்று, ஆதாயம் என்றும் சொல்ல முடியாது. இளைஞர் ஒரு நாள் அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்று வாசித்துக் காட்டியிருக்கிறார். நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. "அவரு வாசிச்சது மாதிரி இல்லையேப்பா" என்றாராம்.

பழைய கழுத்து, மெட்டுக்களோடு, பருத்தித் துணியில் சுற்றிப் பட்டறையின் உள்ளறையில் மரச்சட்டத்தில் கிடத்தப்பட்டிருக்கிறது. தந்தியின் இழுவிசை இல்லாதபோது எஃகுத் தண்டு கழுத்தைப் பின்பக்கமாக வளைத்துவிடும் என்பதால் அதைத் தளர்த்தி வைத்திருக்கிறோம். இளைஞர் கேட்கும்போது விலையின்றிக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு தவணை பாக்கி இருக்கிறது.