ஈரம் பட்ட விரல்

இரவு பத்தரை மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, தண்ணீர்ச் செம்பின்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, செத்துப்போன ரேடியோக்களுக்கும் டிவிக்களுக்கும் உயிர் கொடுக்கிற காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மிக்சி ஏன் சுற்றவில்லை என்று தேடப்போய் அந்தப் பக்கம் கால் வழுக்கியது. இரண்டு வருடமாகிறது, இன்னும் கரையேறவில்லை.

எனக்குப் பிடித்தவர் ஒரு கிழவர். ஏதோ குளிர் தேசம், எப்போதும் கம்பளிச் சட்டைதான். அதிகம் பேசமாட்டார். எந்தப் பெட்டி வந்தாலும் எடுத்தவுடனே பிளக்கில் சொருகமாட்டார் என்பதுதான் அவரிடம் எனக்கு மரியாதையை உண்டாக்கியது. பின்பக்க அட்டையைக் கழற்றுவார், பெயிண்ட் பிரஷால் வால்வுகளின் தோளிலிருந்து தூசியைத் தட்டுவார், ஒவ்வொரு கண்டன்சரையும் குனிந்து பார்ப்பார். பிறகு ஒரு பலகையில் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் லேம்ப் வழியாகத்தான் கரண்ட் கொடுப்பார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் அந்த பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. நல்லபடியாக இருந்தால் ஒருமுறை பளிச்சிட்டு, மெல்ல மங்கி அடங்கும். பல வருடம் சும்மா கிடந்த கண்டன்சரில், உள்ளேயிருக்கும் அலுமினியத் தகட்டின் மேல் படலம் தேய்ந்துபோயிருக்குமாம். முழு வோல்ட்டேஜை ஒரேயடியாகக் கொடுத்தால் வெடித்துவிடும். கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றினால் சில கண்டன்சர்களில் அந்தப் படலம் திரும்ப வளரும். காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு முதல் நாள் கஞ்சித் தெளிவு, மறுநாள் குழைந்த சோறு என்று ஆச்சி கொடுப்பாளே, அந்தப் பக்குவம்.

எங்கள் வீட்டு ரேடியோ, பட்டாசலில் தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே, எங்கள் கை எட்டாத உயரத்தில் ஒரு பலகைமேல் இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில், பெருமாள் கோயிலுக்குப் பின்னால், ஆற்றுக்குப் போகிற முடுக்கில் வீடு. ஆச்சி தன் பழைய சேலைக் கரையை வைத்துத் தைத்த உறை ஒன்று அதற்கு உண்டு. காலையில் உறையைத் தூக்குவது தாத்தா மட்டும்தான். வேறு யாரும் தொடக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரேஷன் கார்டோடு சேர்த்து ரேடியோவின் லைசென்சுப் புத்தகத்தையும் அவர் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ரேடியோ வைத்துக்கொள்ள அப்போது வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டிவிட்டு வருகிற அன்று, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டு வந்தவர் மாதிரி ஒரு நிறைவு அவர் முகத்தில் இருக்கும்.

குமிழைத் திருகினால் 'டொக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒன்றுமே நடக்காது. டயலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் மட்டும் வரும். வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் எங்கள் வீட்டில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அடுக்களையில் அம்மா தாளிப்புக் கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள், தாத்தா கண்ணை மூடிக்கொள்வார், நான் தார்சாத் திண்ணையிலிருந்து எழுந்து வந்து பெட்டியின் பக்கவாட்டில் நிற்பேன். பின்பக்க அட்டையின் ஓட்டைகள் வழியாக உள்ளே ஒவ்வொரு வால்வாகச் செந்நிறம் ஏறுவதும், அந்த வெளிச்சம் சுண்ணாம்புச் சுவரில் புள்ளி புள்ளியாக விழுவதும் அங்கிருந்துதான் தெரியும். முதலில் வருவது வாசனை. சூடேறிய தூசி, மெழுகு, வார்னிஷ், கூடவே உள்ளே குடியிருந்த பல்லியின் வாசனையும் கொஞ்சம். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். அதன் பிறகுதான் டெல்லியிலிருந்து ஏழேகால் மணிச் செய்தி, சரோஜ் நாராயணசுவாமியின் குரல். அந்தக் குரல் கேட்டதும் அம்மா கடுகைப் போடுவாள்.

முன்பக்கத்தில் இருந்த பச்சைக் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேஜிக் ஐ என்பார்கள். விசிறி மாதிரி விரிந்த பச்சை வெளிச்சம். ஸ்டேஷன் சரியாக விழ விழ அதன் இரண்டு ஓரங்களும் நெருங்கி வந்து சேரும். சாயங்காலம் சிலோன் பிடிக்கும்போது அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் தாத்தா குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். எங்கள் ஊருக்குச் சென்னையைவிட இலங்கைதான் பக்கம். கடலைத் தாண்டி வரும் அந்தக் குரல்கள், கே.எஸ். ராஜாவின் மூச்சுவிடாத பேச்சும், அப்துல் ஹமீதின் தெளிந்த தமிழும், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவும், எங்களுக்குத் தெருக்காரர்களின் குரல்போல. பிறந்தநாள் வாழ்த்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பெயரையும், அம்மம்மா, அப்பப்பா, சித்தி, மாமாமார் என்று வாழ்த்துகிறவர்களின் வரிசையையும் கேட்டுக் கேட்டு, முகம் தெரியாத எத்தனையோ குடும்பங்களை எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு ஸ்டேஷன்கள் கூடுதலாக விழும். பகலில் மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடுகிற காற்றுமண்டல அடுக்கு ஒன்று சூரியன் போனதும் கலைந்துவிடுகிறது. அலைகள் இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி, எங்கெங்கோ தூரத்தில் இறங்குகின்றன. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், ராத்திரியானால் கூட்டம் சேரும் என்பது மட்டும்தான்.

ரேடியோவுக்கு எர்த் கம்பி ஒன்று உண்டு. ஜன்னல் வழியாக இறங்கிப்போய், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் புதைத்த இரும்புக் குழாயில் முடியும். கோடையில் மண் காய்ந்தால் ரேடியோவில் இரைச்சல் ஏறும். "ஏல, எர்த்துக்குத் தண்ணி ஊத்திட்டு வா" என்பார் தாத்தா. நான் ஒரு செம்புத் தண்ணீரைக் குழாயைச் சுற்றி ஊற்றிவிட்டு, இரைச்சல் அடங்குகிறதா என்று ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்பேன். சில நாள் அடங்கும். துளசிக்கும் ரேடியோவுக்கும் ஒரே தண்ணீர். இப்போது நினைத்தால் தோன்றுகிறது, அந்தப் பெட்டிகள் தாமாக எதையும் செய்துவிடவில்லை; அவற்றுக்கு நம் உடம்பு வேண்டியிருந்தது.

ஒரு வைகாசியில் அது ஊமையானது. வெளிச்சம் வருகிறது, வாசனை வருகிறது, முனகல்கூட வருகிறது. குரல் மட்டும் இல்லை. தாத்தா அதைப் போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். அவர் தள்ளிக்கொண்டு போக, நான் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். வழியில் எதிர்ப்பட்ட எல்லோரும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் கேட்பதுபோல, "என்ன செய்யி?" என்று கேட்டார்கள்.

ரேடியோக் கடை என்றால் பெரிய கடையில்லை. ஒரு பெஞ்சு, அதன்மேல் குடல் தெரியத் திறந்து கிடக்கும் பெட்டிகள், சுவரில் மர்ஃபி ரேடியோ விளம்பரக் குழந்தையின் படம் போட்ட பழைய காலண்டர். சால்டரிங் பேஸ்ட் உருகும் புகை கண்ணை லேசாகக் கரிக்கும். கடைக்கார அண்ணாச்சி கம்பளிக் கிழவரைப் போலவே பேச்சுக் குறைந்தவர். பலகையில் மாட்டிய குண்டு பல்பு அவரிடமும் இருந்தது. செட்டைத் திறந்து, பல்லி முட்டைகளை ஊதித் தள்ளிவிட்டு, அரை நிமிடம் சூடாக விட்டார். பிறகு வலது கை ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வால்யூம் கண்ட்ரோலின் மூன்று கால்களில் நடுக்காலைத் தொட்டார். ஸ்பீக்கர் 'பூம்ம்ம்' என்று அலறியது. விரலை எடுத்தார், நின்றது.

"ஆடியோ நல்லாருக்கு அய்யா. சீக்கு முன்னால இருக்கு."

நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் என்னைத் தூக்கி, காலில் கரண்ட் இறங்காதபடி ஒரு மரப் பெட்டிமேல் நிறுத்தினார். "இந்தக் கையப் பின்னால கட்டிக்கோ. எதையும் தொடப்படாது" என்று என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். நான் விரலை நாக்கில் வைத்துக்கொண்டேன். அவர் கை என் கையைக் கொண்டுபோன இடத்தில், பட்டாணி அளவு ஈயப் பற்று ஒன்று வெதுவெதுப்பாக இருந்தது. விரல் பட்டதும் ரேடியோ பேசியது. ஷாக் அடிக்கவில்லை, கூச்சம்கூட இல்லை. ஆனால் அந்த 'பூம்ம்ம்' என் நெஞ்சுக்குள்ளிருந்து புறப்பட்டு ஸ்பீக்கர் வழியாக வெளியே வருவதுபோல இருந்தது. சுவரெல்லாம் ஓடுகிற கரண்ட், நொடிக்கு நூறு தடவை திசை மாறிக்கொண்டிருக்கிறது. அதை நம் உடம்பு ஏரியல் மாதிரி சும்மா வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. வால்வு அதைப் பெருக்கிக் கேட்கும்படி ஆக்குகிறது என்பதெல்லாம் காலேஜில் படித்தது. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னது, "எனக்குள்ள ரேடியோ இருக்கு ஆச்சி." அவள் திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டாள்.

கெட்டுப்போனது ஈசிஎச் 81 என்ற வால்வு. ஏரியல் பிடித்துத் தரும் அலையை உள்ளே வாங்கி உருமாற்றுகிற வேலை அதற்கு. சென்னை ரிச்சி தெருவுக்கு எழுதிப்போட்டு அது வந்து சேர பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் தாத்தா ஏழு மணிக்கே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குச் செய்தி கேட்கப் போனார். செட் திரும்பி வந்தபோது உடைந்திருந்த ஒரு குமிழுக்குப் பதிலாக, வேறு ஏதோ பெட்டியின் வெள்ளைக் குமிழை அண்ணாச்சி மாட்டிவிட்டிருந்தார். இரண்டு பழுப்பு, ஒரு வெள்ளை. ரொம்ப நாளைக்கு அந்த வெள்ளைக் குமிழைத்தான் திருகத் தோன்றும் எனக்கு.

அப்புறம் டிவி வந்தது. எங்கள் தெருவில் சாலிடேர் ஒன்று, டயனோரா ஒன்று, கடைசியாக எங்கள் வீட்டில் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று. 1982இல் ஆரம்பித்த இலங்கையின் ரூபவாகினிதான் எங்கள் பக்கம் பலருக்கு முதல் படம் காட்டியது. மச்சில் நட்ட இரும்புக் குழாயின் உச்சியில் ஆண்டெனாவைத் தென்கிழக்காகத் திருப்பி வைத்திருப்போம். நான் மேலே, தம்பி முற்றத்தில், மாமா டிவிக்கு முன்னால். "தெரியுதா?" "தெரியல!" "இப்ப?" "ஆ... அப்படியே வுடு!" இது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். எங்கள் வீட்டில் ஒரு சங்கடம் கூடுதல். நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தால் படம் துலக்கமாக இருக்கும், கையை விட்டால் புள்ளி புள்ளியாகப் போய்விடும். "பாட்டு முடியந்தட்டும் புடிச்சிக்கோல, என் ராசால்லா" என்று கீழேயிருந்து அத்தை கெஞ்சுவாள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆற்றுப் பக்கமிருந்து காற்று, தென்னை ஓலைச் சத்தம், இரும்பின் குளிர்ச்சி. கீழே எல்லோருடைய முகத்திலும் நீலமாக ஒரு வெளிச்சம் அசைவதும், பாட்டும். படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த படம் என் கை வழியாகத்தான் இறங்கிப் போகிறது என்று ஒரு சந்தோஷம் இருந்தது.

ரேடியோ என்னவாயிற்று என்கிறீர்களா? தாத்தா போன பிறகு பலகையிலேயே இருந்தது. நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது, பழைய பேப்பரோடு சேர்த்து அம்மா போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வெள்ளையடிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்களாம். இப்போதும் காணொளிகளில், பழைய இரும்புக் கடையிலிருந்து யாராவது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் என் கண் குமிழ்களைத்தான் எண்ணும். இரண்டு பழுப்பு, ஒரு வெள்ளை இருக்கிறதா என்று.

போன வாரம் கம்பளிக் கிழவர் ஒரு ரேடியோவைத் திறந்தார். அரை நிமிடம் சூடாக விட்டார். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் சட்டென்று உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்துவிட்டேன். விரலை நாக்கில் தொட்டு, நடுக்காலில் வைத்தார். பூம்ம்ம். எங்கோ பனி விழுகிற ஊரில், எங்கள் அண்ணாச்சியின் பெயரைக் கேள்விப்பட்டே இராத ஒரு மனிதர். நான் அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன்.

அதற்கடுத்த காணொளி ஒரு கறுப்பு வெள்ளை டிவி. இரவு முழுக்க அவர் கண்டன்சர் மாற்றி, கடைசியில் சுவிட்சைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது. அப்போது எங்கள் வீட்டு உள்ளறையிலிருந்து என் மகள் எழுந்து வந்தாள்.

"ப்பா, என்னமோ கீன்னு கேக்குது. தூங்க முடியல. அத நிறுத்துங்க."

"என்ன சத்தம்மா? ஒண்ணும் கேக்கலியே."

அவள் கைபேசியைக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. திரையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். அந்தக் கோடுகளை வரைகிற டிரான்ஸ்ஃபார்மர் நொடிக்கு 15,625 தடவை அதிர்ந்து, மெல்லிய கம்பிபோல ஒரு சத்தம் போடும். பள்ளிக்கூடம் விட்டு முடுக்குக்குள் திரும்பும்போதே, எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று கதவு சாத்தியிருந்தாலும் எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான். வயதாக வயதாகக் காது முதலில் இழப்பது அந்த உச்சத்தில் இருக்கும் சத்தங்களைத்தான்.

கைபேசியை எடுத்துக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டேன். கிழவர் மூச்சுவிடுவது கேட்டது, அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது. வேறு எதுவும் இல்லை. அவள் தூக்கக் கலக்கத்தோடு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இப்பவும் கேக்குதா?" என்றேன்.

"கேக்குது."

திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

"இப்ப?"

"இருக்குப்பா. இன்னும் இருக்கு."